சராசரி வேகம்: கூட்டி ரெண்டால வகுக்கிறதா, ஷார்ட்கட்டா, மொத்த தூரமா?

தங்கச்சி குரூப் 4-க்கு படிச்சிட்டு இருக்கா, நேத்து ராத்திரி ஒரு கணக்கை தூக்கிட்டு வந்தா. போகும்போது மணிக்கு 40 கிமீ, அதே ரோட்ல திரும்பும்போது 60, சராசரி என்ன? ரஃப் நோட்ல 50-னு போட்டு கீழ ரெண்டு கோடு வேற இழுத்து வச்சிருந்தா. ஆனா விடை 48.

தூரம் 120 கிமீன்னு வச்சுக்கோங்க. போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம், ஆக 240 கிமீக்கு 5 மணி நேரம். வண்டி 40-லதான் ரொம்ப நேரம் ஓடிருக்கு, அப்போ சராசரி அந்தப் பக்கம்தானே சாயும்? கூட்டி ரெண்டால வகுத்தா இது கணக்குலயே வராது. வேகங்களுக்கு நடுவுல இடைவெளி பெருசாக பெருசாக தப்பும் பெருசாகும், 20-ம் 80-ம்னா அப்பவும் 50-னுதான் வரும், நிஜத்துல 32.

அடுத்தது ஷார்ட்கட். ரெண்டு வேகத்தையும் பெருக்கி, அதை ரெண்டு மடங்காக்கி, கூட்டுத்தொகையால வகுக்கணும். 4800-ஐ 100-ஆல வகுத்தா 48, பரிட்சை ஹால்ல பத்து செகண்ட் வேலை, எனக்கும் பிடிச்ச முறைதான். ஆனா தூரம் சமமா இருந்தா மட்டும்தான் செல்லும். "முதல் 2 மணி நேரம் 40, அடுத்த 2 மணி நேரம் 60"-ன்னு கேள்வியை மாத்திட்டாங்கன்னா 4 மணி நேரத்துல 200 கிமீ, விடை 50, அங்க கூட்டி வகுக்கிறதுதான் சரி, ஷார்ட்கட் போட்டவங்களுக்கு மார்க் போயிடும். அதனால கேள்வில சமமா இருக்கிறது தூரமா நேரமான்னு முதல்ல பாருங்க, ப்ளீஸ்.

மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுக்கிறதுக்கு இந்த கவலையே கிடையாது. மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கோங்க, 46 கிமீ, ஏற கிட்டத்தட்ட 4 மணி 50 நிமிஷம், இறங்க 3 மணி 35 நிமிஷம். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுவுல இருக்கிற பல் தண்டவாளத்தை பிடிச்சு ஊர்ந்து ஏறும், மத்த இடத்துல கொஞ்சம் வேகம் எடுக்கும், இதுல எத்தனை வேகத்தைன்னு எழுதி கூட்டுவீங்க? போக வர 92 கிமீ, 8 மணி 25 நிமிஷம், வகுத்தா மணிக்கு 10.9 கிமீ சொச்சம், அவ்ளோதான். குன்னூர்ல நீராவி இன்ஜினை கழட்டிட்டு டீசல் மாட்டுறாங்கல்ல, அந்த நேரமும் இதுக்குள்ளயே வந்துடுது. கேள்வில "நடுவுல 30 நிமிஷம் நின்றது"-ன்னு இருந்தாலும் இதே மாதிரிதான், நின்ன நேரத்தையும் மொத்த நேரத்துல சேர்த்துட்டுதான் வகுக்கணும், தங்கச்சி அடுத்த கணக்குல விட்டது அதைத்தான்.