பரிணாமத்தை நேரில் பார்க்க: குடுவையா, கணினியா?

பரிணாமத்தை ப்ராஜெக்டாக எடுத்த மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: பாக்டீரியா வளர்ப்பதா, கணினியில் ஓட்டுவதா?

செலவு
குடுவை: ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்), இன்குபேட்டர் (சீரான வெப்பத்தில் வளர்க்கும் பெட்டி), உறைபெட்டி எல்லாம் வேண்டும்.
கணினி: தன்னைத்தானே நகலெடுத்து மாறும் குட்டி நிரல்களைப் பரிணமிக்க விடும் ‘அவிடா’ மென்பொருள் இலவசம். பழைய லேப்டாப்பே போதும்.

நேரம்
குடுவை: அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவோடு தொடங்கினார். தினமும் நூற்றில் ஒரு பங்கைப் புதுக் கரைசலுக்கு மாற்றினால் நாளுக்கு ஆறேழு தலைமுறை. ஞாயிற்றுக்கிழமையும் யாராவது போயாக வேண்டும்!
கணினி: இரவு ஓடவிட்டுத் தூங்கலாம்.

திரும்பிப் பார்ப்பது
குடுவை: 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைப்பார்கள், உருக்கினால் பாட்டன் பூட்டன் உயிரோடு எழும். லென்ஸ்கியின் ஒரே ஒரு குடுவையில் இருந்த பாக்டீரியா, சுமார் 31,500-ஆவது தலைமுறையில், ஆக்ஸிஜன் இருக்கும்போதே கரைசலில் இருந்த சிட்ரேட்டைத் தின்னப் பழகியது; சாதாரண ஈ.கோலையால் அது முடியாது. பழைய மாதிரிகளை மறுபடி வளர்த்தபோது, 20,000 தலைமுறை தாண்டியவற்றில்தான் அந்தத் திறன் திரும்ப வந்தது. அதாவது, அதற்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருக்கிறது. எனக்கு இன்றும் சிலிர்ப்பது இதுதான்.
கணினி: ஒவ்வொரு பிறழ்வும் (நகலெடுக்கும்போது வரும் மாற்றம்) பதிவாகும். ஆனால் விதிகளை எழுதியது நாம்.

மூன்று மாத ப்ராஜெக்ட் என்றால் யோசிக்காமல் கணினி. பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கும் அதுவே: 2006-இல் நாசா ஏவிய எஸ்டி5 செயற்கைக்கோள்களின் ஆன்டெனா கணினிப் பரிணாமத்தில் பிறந்ததுதான், பார்க்க, கோணலாக வளைத்த பேப்பர் கிளிப் போல இருக்கும். உயிர்வேதியியல் உண்மைதான் வேண்டும், ஆய்வகமும் வழிகாட்டியும் இருக்கிறார்கள் என்றால் குடுவை. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புச் சோதனையை மட்டும் வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.