பழைய மட்கார்டா, புதுசா? இரண்டையும் ஒரே வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகு

என்னுடைய 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் முன் மட்கார்டு இரண்டும் இரண்டு விதம். இடது, வண்டியோடு பிறந்தது. துருவை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டு மீட்டது. வலது பழசு ஒரு மோதலில் கிழிந்துபோனதால், இப்போது புதிதாக அடித்து விற்கிற பாகத்தை வாங்கி மாட்டினேன். இரண்டையும் என் கையாலேயே மாட்டியதால் சொல்கிறேன், நான் ஒரிஜினல் பக்கம்தான்.

புதுசில் உள்ள வசதி தெரிந்ததுதான். 2 கோடிக்கும் மேல் தயாராகி 2003 வரை வந்துகொண்டிருந்த வண்டி, அநேகமாக எந்தப் பாகமும் ஆர்டர் போட்டால் வந்துவிடும், துருவும் இருக்காது. பழசை மீட்க நல்ல டிங்கர் வேலை தெரிந்த கை வேண்டும், பொறுமை வேண்டும். சரி, அது அவ்வளவுதான்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது பொருத்தம். பீட்டிலின் மட்கார்டு வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நிற்பது, ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வலது பக்கத்தைத் தொட்டேன். மேலே இரண்டு போல்ட் ஏறின, மூன்றாவதன் துளை பாதி மறைந்து நின்றது. உருட்டு அரத்தால் துளையை நீட்டி அதை ஏற்றினால், கீழே ஃபுட்போர்டு சேரும் இடம் விலகிக்கொண்டது. அதை இழுத்துப் பிடித்தால் மட்கார்டுக்கும் வண்டி உடம்புக்கும் இடையில் வருகிற ரப்பர் பீடிங் ஒரு பக்கம் பிதுங்குகிறது, மறுபக்கம் நகம் நுழைகிற சந்து. ஹெட்லைட் வளையமும் ஒரு ஓரத்தில் உட்காரவே இல்லை. தகடு வேறு மெல்லிசு, கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய்த் திரும்புகிறது.

இடது பக்கத்தில் அடியில் ஒரு சாண் அளவுக்கு வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தது, தேய்த்து மட்டம் பார்த்தது எல்லாம் சேர்த்து மூன்று வாரக் கடைசிகள் போயின. ஆனால் மாட்டும்போது எல்லா போல்ட்டும் ஸ்பானரைத் தொடாமல் கையாலேயே திருகி ஏறின. அறுபது வருஷத் தகடு, முன்பு இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. வலது பக்கத்துக்கு மாட்டுவதற்கு மட்டுமே அதைவிட அதிக நாள் ஆனது, அப்படியும் சந்து முழுதாக மூடவில்லை. ஒரு பாகத்தை வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், வண்டியின் உடம்போடு சேர்க்க ஆகும் வேலையை யாரும் கணக்கில் வைப்பதில்லை, உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. நான் மாட்டிப் பார்த்தது ஒரே ஒரு தயாரிப்பு, இதைவிட நன்றாகப் பொருந்துகிறவையும் இருக்கலாம்.

பம்பரிலும் அதே கதைதான். வளைந்த பழைய பம்பரை நிமிர்த்தி, செம்பு, நிக்கல், குரோம் என்று முறையாக மறுபடி பூச்சு ஏற்றினேன். தட்டினால் இன்னும் கனமான சத்தம் வருகிறது.

ஆனால் ரப்பர் என்றால் நான் அந்தப் பக்கம் இல்லை. பிரேக் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஹோஸ் சூடான இன்ஜினுக்கு மேலே ஓடுகிறது, அது கசிந்தால் வண்டியே எரியும். இவற்றில் ஒரிஜினல் என்று பார்க்கவே கூடாது. பிரிக்காத பெட்டியில் கிடந்த பழைய ஸ்டாக் ரப்பரும் வேண்டாம், பெட்டிக்குள்ளேயும் ரப்பருக்கு வயசாகிறது. அப்புறம் பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடத்தில் தரை அரித்துப் போயிருந்தது, அங்கே புதுத் தகடுதான் வைத்தேன்.

மறுவிற்பனையில் ஒரிஜினலுக்கு மதிப்பு கூடும் என்கிறார்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் விஷயத்தில் அது சரி, மட்கார்டு வரைக்கும் அது இறங்குமா என்று நான் சொல்ல முடியாது, இதுவரை ஒரு வண்டியையும் விற்றதில்லை.

வலது மட்கார்டின் உட்புறத்தில் மாற்றிய வருஷத்தைச் சின்னதாகப் பொறித்து வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறவர் குழம்பக் கூடாது. கிழிந்த பழசை அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அதை வைத்திருந்தால் இன்று ஒட்டுப் போட்டிருப்பேன். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காலத்து வலது மட்கார்டு ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.