நிப்பிள் லைன்: கூளம் காய்ந்தது, குழாய் வழுக்குகிறது

என் கோழி ஷெட்டில் இருப்பது நிப்பிள் லைன், அதாவது கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் சிறு முனைகள் வரிசையாக உள்ள குழாய். அதன் கடைசிப் பக்கம் தண்ணீர் வரவில்லை என்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு எழுதுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல் டிரிங்கரை, அதாவது மணி வடிவத் திறந்த தண்ணீர்த் தட்டை, காலையில் கழுவி வைத்தால் மதியத்துக்குள் தரையில் விரித்த கூளமும் எச்சமும் மிதக்கும். நிப்பிள் போட்டதும் அந்தத் தொல்லை போயே போய்விட்டது. கூளம் காய்ந்து கிடக்கிறது, ஷெட்டுக்குள் போனால் கண் எரிவதில்லை. கோழி வளர வளரக் குழாயை ஏற்றிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே படிகிற அந்த வழவழப்பு! கடைசி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள், ஜவ்வு மாதிரி ஒட்டும். குஞ்சுப் பருவத்தில்தான் இது வேகமாகச் சேரும், ஏனென்றால் ஷெட் 32 டிகிரி சூட்டில் இருக்கும், குஞ்சுகள் குடிப்பதோ கொஞ்சம், தண்ணீர் குழாயிலேயே நின்று வெதுவெதுப்பாகிவிடும். அதில் வைட்டமினும் குளுக்கோஸும் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மருந்துத் தண்ணீர் தீர்ந்ததும் லைனை அழுத்தம் கூட்டி அலசிவிட வேண்டும்.

குளோரின் போடுகிறோமே என்பார்கள். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8ஐத் தாண்டினால் குளோரினின் வீரியம் பெருமளவு போய்விடும். அளவைத் தொட்டியில் பார்த்தும் பயனில்லை, கடைசி நிப்பிளில் பிடித்த தண்ணீரில் 2 முதல் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குளோரின் நிற்க வேண்டும். தண்ணீரில் தடுப்பூசி மருந்து கொடுக்கும் நாட்களில் குளோரினையும் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். இத்தனை செய்தாலும் ஏற்கெனவே படிந்த ஜவ்வு அசையாது. ஒரு பேட்ச் கோழிகள் ஷெட்டை விட்டுப் போனபின் 3 சதவீத ஸ்டெபிலைஸ்டு (சீக்கிரம் வீரியம் குறையாத) ஹைட்ரஜன் பெராக்சைடை லைன் முழுக்க நிரப்பி ஒரு நாள் விட்டு அலசினால்தான் பெயரும். உப்புப் படிவுக்குத் தனியாக சிட்ரிக் ஆசிட். குளோரினையும் ஆசிட்டையும் மட்டும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பெயர்ந்து வருகிற அந்த ஜவ்வுதான் அப்புறம் நிப்பிளிலும் ரெகுலேட்டரிலும் போய்ச் சிக்குகிறது. அலசி முடித்தபின் ஒவ்வொரு நிப்பிளாகத் தட்டிப் பார்த்தால்தான் எது அடைத்திருக்கிறது என்று தெரியும், அடைத்ததன் கீழே நிற்கிற குஞ்சுகள் தாகத்தோடு நிற்கும், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, ‘மாட்டினால் போதும்’ என்கிறார்கள்.

கொஞ்சம் கோழி வைத்திருப்பவர் இன்றைக்கு என்னிடம் கேட்டால் பெல் டிரிங்கரே போதும் என்பேன், அழுக்கு கண்ணுக்குத் தெரியும், கழுவக் கை போகும். என் ஷெட்டில் நிப்பிளை எடுக்கப் போவதில்லை. வாங்குகிறவர்கள் லைனின் கடைசியில் திறந்துவிடும் வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.