மரக்கூண்டா, இரும்புக்கூண்டா? உண்ணியை வைத்து ஒரு கணக்கு

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கூண்டு வாங்கும்போது விலை, கீரிப்பிள்ளை பயம், கோடை வெப்பம் ஆகியவற்றைத்தான் எடைபோடுகிறார்கள். விலையிலும் குளிர்ச்சியிலும் பலகைக் கூண்டுக்குக் கை ஓங்கியிருக்கிறது. கீரிக்கு இரண்டும் ஒன்றுதான், தாழ்ப்பாள் சரியாக இருந்தால் போதும். இதெல்லாம் தெரிந்தும் நான் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) இரும்புக் கூண்டுக்கு மாறியதற்கு ஒரே காரணம் உண்ணி.

பேனையும் உண்ணியையும் முதலில் பிரித்தறிய வேண்டும். பேன் கோழியின் உடம்பிலேயே பிறந்து அங்கேயே முட்டையிட்டுச் சாகிறது. எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடும். இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். இதற்கு எந்தக் கூண்டாக இருந்தாலும் ஒன்றே. மருந்தைக் கோழிக்குத்தான் போட வேண்டும். ஈருக்கு மருந்து ஏறாது என்பதால் அது பொரிந்த பிறகு, பத்துப் பதினான்கு நாளில், மறுபடியும் போட வேண்டும்.

உண்ணி அப்படியல்ல. பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் எள்ளைப் போல ஒட்டிய குஞ்சு உண்ணிகள் வேண்டுமானால் கண்ணில் படலாம். வளர்ந்தவை பலகை இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், அந்தியில் கோழி கூண்டுக்குள் போக மறுத்து மரமேறும். இரவில் டார்ச்சோடு போய்க் கம்பின் முனைகளையும் ஆணி அடித்த இடங்களையும் பாருங்கள். இதே உண்ணி ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலையும் பரப்பும். அதிலும் கழிச்சல் பச்சையாகப் போவதால் பலர் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் என்றே நினைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் முடிவு கட்ட வேண்டாம்.

ஆகவே சண்டை கூண்டோடுதான். பலகைக் கூண்டில் இரண்டு பலகை சேரும் இடமெல்லாம் உண்ணிக்கு வீடு. டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்துக் கரைசலைத் தெளித்தால் வெளியில் இருப்பது சாகும். இடுக்கின் ஆழத்தில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். கொதிநீர் உள்ளே போவதற்குள் ஆறிவிடுகிறது. சுண்ணாம்பு அடித்தால் சில காலம் வாயடைக்கும், மரம் காய்ந்து விரிந்தால் பழைய கதை. கூண்டைக் காலியாகப் போட்டுவைப்பதும் உதவாது, வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேல்கூடப் பட்டினி கிடக்கும். கோழிகள் உள்ளே இருக்கும்போது மருந்தடிக்க முடியாது, அடித்தபின் முட்டையைச் சாப்பிடலாமா என்ற தவிப்பு வேறு. மலிவாக வாங்கிய மரம் இப்படித்தான் ஆண்டுதோறும் விலை கேட்கிறது.

இரும்பில் இந்த வேலை சுருங்கிவிடுகிறது. கோழிகளை வெளியே விட்டு, எச்சத்தைச் சுரண்டி, மூலைகளிலும் ஆங்கிள் சேரும் இடங்களிலும் ஃபிளேம் கன் என்ற தீ பீய்ச்சும் கருவியின் நெருப்பை ஓட்டினால் முட்டை உட்பட எல்லாம் பொசுங்கும். ஓரிடத்திலேயே நிறுத்திக் காய்ச்சக் கூடாது. துத்தநாகப் பூச்சு போய்த் துரு ஏறும், புகையும் நல்லதல்ல. கூண்டின் கால்களைக் கழிவு எண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் ஊர்ந்து ஏறும் வழியும் அடைபடும். மரத்துக்கு நெருப்பு வைத்தியம் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளட்டும்.

இரும்பிலும் குறை உண்டு. வெறும் வலைத்தரையில் கனத்த சேவல்களுக்குப் பாதம் புண்ணாகும். அடைய ஒரு கம்பு வேண்டும்; மூங்கில் வேண்டாம், அதன் பொந்தே உண்ணிக்குப் போதும். பட்டை உரித்த சவுக்குக் கம்பைக் கழற்றி எடுக்கும்படி கொக்கியில் வைத்திருக்கிறேன். தகரக் கூரைமேல் சித்திரையில் தென்னங்கீற்று போட வேண்டியிருக்கிறது, அந்தக் கீற்றையும் மழைக்கு முன் எரித்துவிட வேண்டும். கடலோர உப்புக்காற்றில் இந்தக் கூண்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அங்கே வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் இருப்பது உள்நாட்டில்.

எந்தக் கூண்டு வாங்கினாலும் பழைய கோழிகளை நேரே அதில் அடைக்காதீர்கள். குஞ்சு உண்ணி ஐந்து முதல் பத்து நாள் வரை கோழியின் உடம்பில் ஒட்டியிருந்துதான் உதிரும். அதுவரை தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். சந்தையில் வாங்கிவரும் கோழிக்கும் இதே ஏற்பாடுதான். பிறகு அந்தப் பஞ்சாரத்தை அடுப்பில் வைத்துவிடுங்கள்.