நெத்திலிக் கருவாடா, இக்கான் பிலிஸா?

இரண்டும் நெத்திலி இனம்தான்; நெத்திலிக்கு மலாயில் இக்கான் பிலிஸ் என்று பெயர். ஆனால் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கும் நெத்திலிக் கருவாட்டுக்குப் பதில் கேலாங் செராய் சந்தையில் வாங்கிய இக்கான் பிலிஸைப் புளிக்குழம்பில் போட்டால், குழம்பு சப்பென்று இருக்கும். காயவைப்பதற்கு முன் நடப்பதுதான் காரணம்.

இக்கான் பிலிஸைப் பிடித்த கையோடு உப்புநீரில் வேகவைத்து, அப்புறம்தான் வெயிலில் போடுவார்கள். வெந்ததில் சதை இறுகிவிடும், வாடையும் அவ்வளவாக ஏறாது. தமிழ்நாட்டு நெத்திலி பெரும்பாலும் பச்சையாகவே காய்வது. காயக் காய வாடையும் ருசியும் முற்றும். குழம்புக்கு வேண்டியது அந்த முற்றல்தான்.

நாலு பேருக்கு 50 கிராம் கருவாடு போதும். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, அடியில் மணல் தங்காமல் போகும்வரை அலசுங்கள். அரை மணி ஊறவைத்தால் ருசி தண்ணீரோடு போய்விடும். கத்தரிக்காய் வெந்து எண்ணெய் பிரிந்த பிறகு, கடைசி ஏழு நிமிடத்தில் கருவாட்டைப் போடுங்கள். அதன்பின் கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். முதலிலேயே அளவாக உப்புப் போட்டால் கடைசியில் கரிக்கும். கருவாடு வெந்ததும் ருசி பார்த்துப் போடலாம்.

வறுவலுக்கு இக்கான் பிலிஸ்தான், போட்டியே இல்லை. தலை நீக்கி இரண்டாகப் பிளந்தது விலை கூடினாலும் கசக்காது. சட்டென்று அலசி, துணியில் ஒற்றி, நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், மீனும் சவசவக்கும். மிதமான தீயில் வறுத்து, வெளிர்பொன் நிறத்திலேயே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் சூட்டில் நிறம் ஏறும். நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுக்கான மிளகாய்ச் சம்பாலில் பரிமாறும் நேரத்தில் கலந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். கிள்ளிப்போட்ட தலைகளை எறியவேண்டாம்: பான் மியான் எனும் சீன நூடல்ஸ் சூப்புக்கு அவற்றையும் சேர்த்து அரைமணி கொதிக்கவிட்டு வடிகட்டலாம். குடல் மட்டும் கூடாது, கசக்கும்.

சென்னாக்கூனி எனும் பொடி இறால் கருவாடு துவையலுக்கும் பொடிக்கும் சரி, இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

வாடைக்குப் பயந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கருவாட்டுக் குழம்பைக் கைவிடுகிறவர்கள் உண்டு. சன்னலைத் திறந்து, மூடிபோட்டுக் கொதிக்கவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் பாதிதான் போகும்.

வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. வயிறு மஞ்சளித்திருந்தால் கொழுப்புக் காறிவிட்டது. இளஞ்சிவப்புப் படிந்திருந்தால் தொடவே வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அலமாரி உதவாது. காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் வையுங்கள்.