யார் முதலில் போவது என்று சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்

மண்டபத்திலிருந்து கருவாட்டு லோடு எடுத்து வர ஒரு குட்டியானை வாங்கினோம், அதை நானே ஓட்ட வேண்டும் என்று ராமநாதபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் போனேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

கிளட்ச், கியர் எல்லாம் எங்கே போனாலும் வந்துவிடும். இங்கே மாஸ்டர் உச்சிப்புளி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, பனைமட்டைக் குச்சியால் மணலில் ஒரு நாற்சந்தி கீறி, சிப்பிகளை வண்டியாக வைத்து, "எங்கெங்க முட்டும், எண்ணுங்கக்கா" என்றார். எனக்குப் பத்துக்கு மேல் வரவில்லை. வண்டிகள் குறுக்கே வெட்டுவது, சேர்வது, பிரிவது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி 32 காட்டினார். முச்சந்திக்கு 9. ரவுண்டானாவுக்கு 8தான், அந்த எட்டிலும் சேர்வதும் பிரிவதும்தான், குறுக்கே வெட்டுவதே கிடையாது. ரவுண்டானாவை வீண் சுற்று என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

அப்புறம் விதி. சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், மெயின் ரோட்டில் ஏறினால் அதில் போகிற எல்லாருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் ரவுண்டானாவில் சுற்றி வருகிறவர் நமக்கு வலப்பக்கம்தான் வருவார், அவருக்கே முன்னுரிமை. பிரிட்டனில் 1966ல் இதை விதியாக்கினார்கள், நம்முடைய 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. லைட் அடித்தவருக்கு முதல் வழி என்று எந்த விதியும் இல்லை என்பதை மாஸ்டர் தினமும் சொல்வார், இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்து ஓட்டுகிறார்கள்.

குறை என்னவென்றால் இருபது நாளும் காலை வகுப்புதான். லைசென்ஸ் வாங்கி இரண்டாவது வாரம், அமாவாசைக்கு முந்தின நாள் இருட்டில், எங்கள் ஊர் ரோட்டிலிருந்து ராமேஸ்வரம் ஹைவேயில் ஏற நிற்கிறேன், வெளியூர் வேன்கள் வரிசையாக வருகின்றன, பின்னால் ஒருவர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். தூரத்தில்தானே லைட் தெரிகிறது என்று ஏறிவிட்டேன். வேன்காரர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வழி விட வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும், இருட்டில் வருகிற வண்டியின் வேகத்தை எப்படிக் கணிப்பது என்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் வகுப்பு முடிந்தது என்று அனுப்பியது தப்பு.

போய்ச் சொன்னேன். மாஸ்டர் மறுக்கவில்லை, தனியாகக் காசு வாங்கிக்கொண்டு இரண்டு சாயங்காலம் அதே இடத்தில் நிற்க வைத்துப் பழக்கினார். ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்த லைட் இரண்டாகப் பிரிந்துவிட்டால் வண்டி பக்கத்தில் வந்துவிட்டது, அசையாதீர்கள், ஆனால் ஒற்றை லைட் என்றாலே தூரம் என்றும் நம்பாதீர்கள், பைக்காக இருக்கும் என்றார்.

தாராளமாகச் சேரலாம். பணம் கட்டும்போதே நாலு வகுப்பு இருட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.