எச்டி 800 எஸ், எல்சிடி-எக்ஸ், ஆர்யா: காதைக் கேட்கும் முன் கழுத்தைக் கேளுங்கள்

சென்ஹைசர் எச்டி 800 எஸ் ஹெட்போன் 330 கிராம். ஹைஃபைமேன் ஆர்யா ஸ்டெல்த் 404 கிராம். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 612 கிராம். வழக்கமாக விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் வந்துபோகும் எண்கள் இவை. இங்கே முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒலியில் பிடிக்காததைப் பெரும்பாலும் ஈக்வலைசரில், அதாவது ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருளில், திருத்திவிடலாம். 612 கிராமை 400 ஆக்கும் மென்பொருள் இன்னும் வரவில்லை.

மூன்றும் காதை முழுதாக மூடும், பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள். எச்டி 800 வந்தது 2009-ல். அதன் உறுத்தலைக் குறைத்து வந்த எஸ் 2016-ல். உள்ளே ஒலியை எழுப்பும் பாகம் 56 மி.மீ. வளைய வடிவ டைனமிக் டிரைவர். எல்சிடி-எக்ஸ் கலிபோர்னியாவில் உருவானது, 106 மி.மீ. பிளேனார் டிரைவர், அதாவது மெல்லிய படலம் முழுவதும் கடத்தி ஓட, காந்த வரிசை அதை ஒரே சீராகத் தள்ளி இழுக்கும் அமைப்பு. 2021-ல் அதன் ஒலியைத் திருத்தினார்கள். பழையது வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கட்டாயம் கேளுங்கள். ஆர்யாவும் பிளேனார்தான். காதின் வடிவத்தை ஒட்டிய முட்டை வடிவக் கிண்ணம். ஸ்டெல்த் பதிப்பில் ஒலி அலை தடைபடாமல் கடக்கக் காந்தங்களின் ஓரத்தை வளைத்திருக்கிறார்கள்.

முதலில் அணிந்து பார்ப்போம்.

எச்டி 800 எஸ் கிண்ணத்துக்குள் காது எதையும் தொடாது. டிரைவர் முன்பக்கமிருந்து சாய்வாகக் காதைப் பார்க்கிறது. அதற்கு இடம் விடத்தான் இவ்வளவு பெரிய கிண்ணம். மைக்ரோஃபைபர் பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை), மெதுவான பிடி, தலைப்பட்டை முழுதும் பரவும் எடை. இரண்டு மணி நேரம் போட்டிருந்தாலும் மறந்துபோகும் அளவுக்கு இலகு. ஆனால் ஒல்லியான முகமாக இருந்தால் தாடைக்குக் கீழே பேட் ஒட்டாமல் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகப் பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, வெளியேறிவிடும். இந்த மாடலில் பேஸே இல்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் குற்றவாளி டிரைவர் அல்ல, தாடை. சோதிப்பது சுலபம்: 40 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, கிண்ணத்தின் கீழ் விளிம்பை விரலால் லேசாக உள்ளே தள்ளுங்கள். ஒலி சட்டென்று பெருத்தால் பேட் சரியாக உட்காரவில்லை. கிண்ணத்தை அரை அங்குலம் பின்னால் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆர்யாவில் உலோகப் பட்டைக்குக் கீழே தனியாக ஒரு வார் தொங்கி எடையைத் தாங்குகிறது. உச்சந்தலையில் ஒரே புள்ளியில் குத்துவதில்லை. பிரச்சினை சின்னத் தலைக்காரர்களுக்கு. கடைசிப் படிக்குக் குறைத்தாலும் கிண்ணம் தாடைக்கு இறங்கும். தலையில் வைத்துப் பார்க்காமல் இதை இணையத்தில் வாங்குவது நல்லதல்ல. வாங்கிவிட்டீர்கள் என்றால், வாருக்கு மேல் ஒட்டும் மெத்தைத் துண்டு ஒன்று போட்டு ஒரு சென்டிமீட்டர் உயர்த்தலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

எல்சிடி-எக்ஸ் விஷயத்தில் மழுப்ப வேண்டியதில்லை: கனம். தொங்கும் வார் கொண்ட தலைப்பட்டை எடையை நன்றாகவே பரப்புகிறது, பேட் தடிமனாக மெத்தென்று இருக்கிறது. ஆனாலும் தலை எவ்வளவு தாங்கினாலும் கடைசியில் சுமப்பது கழுத்து. சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கேட்டால் ஒரு ஆல்பம் முழுதும் தொல்லையில்லை. மேசைமேல் குனிந்து மடிக்கணினியில் வேலை பார்த்தபடி கேட்டால் அரைமணியில் பிடரி இறுகும். தலை முன்னால் சாயும் ஒவ்வொரு டிகிரிக்கும் பிடரித் தசை இழுத்துப் பிடிக்க வேண்டிய சுமை கூடுகிறது. வேலை நேரத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கால்வாய் திறக்கிறது. பேஸ் 20 ஹெர்ட்ஸ் வரை குறையாமல் நேராக இறங்குவதுதான் எல்சிடி-எக்ஸின் பெருமை; அது பேட் காற்றுப் புகாமல் ஒட்டினால் மட்டுமே கிடைக்கும். தடித்த பிளாஸ்டிக் காம்பு அதில் கணிசமாகத் தின்றுவிடும். மெல்லிய கம்பிக் காம்பு என்றால் பேட்டின் மென்மையே மூடிக்கொள்ளும்.

அப்புறம் வெக்கை. ஐரோப்பிய, அமெரிக்க விமர்சகர்கள் எழுதாத பகுதி இது. சென்னை, மதுரை வெயிலில் தோல் பேட்டுக்குள் இருபது நிமிடத்தில் வியர்வை ஊறும். மின்விசிறியைப் போட்டால், பின்பக்கம் திறந்த ஹெட்போனுக்குள் அதன் ஓசை தடையில்லாமல் வரும். இந்த மூன்றில் எதுவும் வெளிச்சத்தத்தை மறிக்காது. தம்புராவின் தேய்ந்து அடங்கும் நாதம் முதலில் காணாமல் போகும். ஏசி அறையோ, விடிகாலை நேரமோ இல்லாதவர்கள் இந்த விலைக்குப் போகுமுன் இரண்டு முறை யோசியுங்கள். பேட் வகையில் எச்டி 800 எஸ்-க்கே முதலிடம்; ஆர்யாவின் பேட்டில் தோலைத் தொடும் பக்கம் துணி என்பதால் அடுத்த இடம். தோல் பேட் கொண்ட எல்சிடி-எக்ஸ் கடைசி.

இனி ஒலி. கடையில் ஒப்பிடுவதற்கு முன் ஒன்று செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்: ஒலியளவைச் சமப்படுத்துவது. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஹெட்போனைக் காது 'தெளிவாக இருக்கிறது' என்று தேர்ந்தெடுத்துவிடும். தடித்த அட்டையில் ஒலிமானியின் மைக் நுழையும் அளவு துளையிட்டு, மைக்கைச் செருகி, ஹெட்போனின் பேட்டை அட்டைமேல் வைத்து பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆய்வகத் துல்லியம் இருக்காது. ஆனால் கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரை மாற்றி மாற்றிச் செருகிக் காட்டும் ஒப்பீட்டைவிடப் பல மடங்கு நேர்மையானது. அளவையும் அடக்கியே வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம்.

எச்டி 800 எஸ்-இன் பலம் இடவிரிவு. கச்சேரிப் பதிவில் பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்பது எல்லா ஹெட்போனிலும் வரும். இதில் அவர்களுக்கு இடையே இருக்கும் காற்றும் வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் கூர்மையாக எழுந்து உடனே அடங்குகின்றன. தொப்பிப் பக்கத்தின் கும்காரத்தில் அடிவயிறு இல்லை. சுமார் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிகிறது. 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடும் இருக்கிறது. பழைய எச்டி 800-இல் அது ஊசியாகக் குத்தும். எஸ்-இல் கிண்ணத்துக்குள் ஒரு ஒத்ததிர்வு உறிஞ்சியை வைத்துத் தணித்திருக்கிறார்கள், முழுதாகப் போகவில்லை. நல்ல பதிவில் இது கவனத்துக்கு வராது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய திரைப்பாடல்களில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் உறுத்தும். பழைய பாடல்தான் உங்கள் உலகம் என்றால் இது உங்கள் ஹெட்போன் அல்ல, எவ்வளவு புகழ் இருந்தாலும்.

எல்சிடி-எக்ஸ் நேர் எதிர். கஞ்சிராவில் தோலை அழுத்தி நாதத்தை வளைத்து இழுக்கும்போது அந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கிறது. தவிலின் அடி உடம்பில் படுகிறது. பேஸை ஈக்வலைசரில் 5 டெசிபல் ஏற்றினாலும் டிரைவர் திணறுவதில்லை. குறை 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பள்ளம். பெண் குரல் ஓரடி பின்னால் போய் நிற்கும், நாதஸ்வரத்தின் முனை மழுங்கும். நாதஸ்வரம் மழுங்குவது சிலருக்கு வரமாகத் தோன்றலாம்; மணிக்கணக்கில் கேட்கையில் களைப்பு குறைவு. ஆனால் அது வாத்தியத்தின் உண்மை அல்ல. 2021 பதிப்பில் இந்தப் பள்ளம் குறைந்திருக்கிறது.

ஆர்யா ஸ்டெல்த் நடுவில் நிற்கிறது என்று சொல்வது வசதியான பொய். அதற்குத் தனிக் குணம் உண்டு. பேஸ் பிளேனாருக்கே உரிய நேர்கோடு, ஆனால் எல்சிடி-எக்ஸின் கனம் இல்லை. 1,000-த்துக்கும் 2,000-த்துக்கும் இடையே சின்னப் பள்ளம். அதனால் எல்லாம் கொஞ்சம் தள்ளி, உயரமான மேடையில் நடப்பதுபோல் விரிகிறது. உச்ச ஸ்தாயி பிரகாசம். வெண்கலத் தாளம் மினுங்கும், சில பதிவுகளில் அளவுக்கு மீறி. பத்துப் பேர் வாசிக்கும் இசையில் இதுவும் எச்டி 800 எஸ்-உம் போட்டி போடும். ஒற்றைக் குரல், ஒற்றை வீணை என்றால் சென்ஹைசரின் மையம் இன்னும் உறுதி.

ஈக்வலைசருக்கு விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ போதும், ஆண்ட்ராய்டில் வேவ்லெட். தொடங்குவதற்கான எண்கள்: எச்டி 800 எஸ்-க்கு 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ளதை மொத்தமாக மாற்றும் வடிகட்டி) 4 டெசிபல் ஏற்றம், 6,000-இல் க்யூ 3 வைத்து (க்யூ கூடினால் மாற்றம் படும் பகுதி குறுகும்) 3 டெசிபல் இறக்கம். எல்சிடி-எக்ஸுக்கு 3,500-இல் க்யூ 2 வைத்து 4 டெசிபல் ஏற்றம். ஆர்யாவுக்கு 1,800-இல் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றம். எவ்வளவு ஏற்றினீர்களோ அதே அளவு ப்ரீஆம்பை (ஈக்வலைசரில் மொத்த ஒலியளவுக்கான அமைப்பு) மைனஸில் இறக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்; மறந்தால் உச்ச ஒலியில் டிஜிட்டல் சிக்னல் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பழி ஹெட்போன்மேல் விழும்.

அந்த மைனஸ் ஆம்ப்ளிஃபயர் கணக்கிலும் புகுகிறது. உச்ச ஒலி 110 டெசிபல் வரை எழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எல்சிடி-எக்ஸுக்குச் சுமார் 0.3 வோல்ட் போதும், 5 மில்லிவாட். ஆர்யாவுக்கு 1.1 வோல்ட், 40 மில்லிவாட். 300 ஓம் எச்டி 800 எஸ்-க்கு 2.5 வோல்ட், ஆனால் 20 மில்லிவாட்தான். ஒரு வோல்ட் தரும் யுஎஸ்பி டாங்கிளில் (ஃபோனிலோ கணினியிலோ செருகி ஹெட்போனை இணைக்கும் சிறு கருவி) எச்டி 800 எஸ் 102 டெசிபல் உச்சம் தொடும். ஈக்வலைசரில் 4 டெசிபல் கழித்தால் 98. அழுத்திக் கலந்த திரைப்பாடலுக்கு அது தாராளம். தாழ்வான அளவில் பதிந்த கச்சேரிக்குப் போதாது. எல்சிடி-எக்ஸை எந்த டாங்கிளும் ஓட்டும், தனி ஆம்ப்ளிஃபயருக்குக் காசு கேட்காத ஹெட்போன் அது. (இதே ஹைஃபைமேனின் சுஸ்வாரா ஹெட்போன் 60 ஓமில் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். அதே 110-க்கு அரை வாட் கேட்கும். அந்த யானைக்குத் தீனி போடுவது தனிக் கதை.)

டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஆசை இருந்தால் வெளியீட்டு மின்மறுப்பை, அதாவது சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரே காட்டும் தடையை, பாருங்கள். 120 ஓம் வெளியீட்டில் எச்டி 800 எஸ்-க்கு 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டெசிபல் போலக் கூடும். டிரைவரின் மின்மறுப்பு அங்கே ஏறுவதால் கிடைக்கும் இலவசப் பேஸ். அதே ஆம்ப்ளிஃபயரில் 20 ஓம் எல்சிடி-எக்ஸ் செருகினால் ஏறக்குறைய 17 டெசிபல் அங்கேயே தொலையும்.

பழையது வாங்கினால் 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் தொனியை ஓடவிட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேளுங்கள். பிளேனாரில் சரசரப்பு வந்தால் படலம் மடிந்திருக்கலாம், அல்லது முடி ஒன்று உள்ளே கிடக்கலாம். காற்று பீய்ச்சும் கேன், வேக்யூம் கிளீனர் இரண்டையும் டிரைவர் அருகே கொண்டுபோகாதீர்கள், படலம் கிழியும். பிளேனாரைக் காதோடு பட்டென்று அழுத்தி மாட்டுவதும் படலத்துக்கு நல்லதல்ல. ஊசி, ஹேர்பின், இரும்புத்தூள் இருக்கும் மேசையில் கழற்றி வைக்கவும் கூடாது. காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

பேட் அமுங்கினால் டிரைவர் காதை நெருங்கும், ஒலியும் மாறும். பேட் மாற்றாமல் ஒலி கெட்டுவிட்டது என்று விற்பவர்கள் நிறைய. செயற்கைத் தோல் நம் ஈரப்பதத்தில் சீக்கிரம் உரியும், கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். எச்டி 800 எஸ் பேட் இழுத்தால் கழன்று, அழுத்தினால் பொருந்தும். ஆர்யாவில் பேட்டின் பின்னாலுள்ள பிளாஸ்டிக் கொக்கிகள் முறியக்கூடியவை. ஒரு முனையிலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். எல்சிடி-எக்ஸில் பேட் பசையால் ஒட்டியிருக்கிறது. விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, மிச்சப் பசையை விரல் நுனியால் உருட்டி எடுங்கள். கரைப்பான் ஊற்றினால் டிரைவருக்குள் இறங்கும். புதிய பேட்டின் தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும். தலைகீழாக ஒட்டிவிட்டால் உரித்து மறுபடி ஒட்ட அந்தப் பசை தாங்காது.